‘பை’யா, ‘அன்டில்’லா? கெடு சொல்லும் இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பிரித்தறிய ஒரு வழிகாட்டி

‘ஐ வில் செண்ட் தி ரிப்போர்ட் அன்டில் ஃப்ரைடே.’ அலுவலக மெயில்களில் இந்த மாதிரி வாக்கியம் அடிக்கடி கண்ணில் படும். எழுதியவர் சொல்ல வந்தது, வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கையை அனுப்பிவிடுகிறேன் என்று. வாக்கியம் சொல்வதோ, வெள்ளிக்கிழமை வரை அறிக்கையை அனுப்பிக்கொண்டே இருப்பேன் என்று. படிப்பவர் எப்படியோ சமாளித்துப் புரிந்துகொள்வார். இதே குழப்பம் வாடகை ஒப்பந்தத்திலோ விடுப்புக் கடிதத்திலோ வந்தால் அப்படிச் சமாளிக்க முடியாது. யாரோ ஒருவர் ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ வந்து நிற்பார்.

‘பை’, ‘அன்டில்’ இரண்டுமே ஒரு நேரத்தைக் குறித்துவிட்டு, அதற்கு முந்தைய காலத்தைப் பற்றிப் பேசுபவை. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. இந்தி பேசுகிறவர்களுக்கு இது நிஜமாகவே கஷ்டம். ‘கல் தக் பேஜோ’ என்றால் நாளைக்குள் அனுப்பு. ‘கல் தக் ருகோ’ என்றால் நாளை வரை இரு. ‘தக்’ என்ற ஒரே சொல் இரண்டு வேலையையும் பார்க்கிறது. ஜெர்மன் மொழியில் ‘பிஸ்’ என்ற சொல்லும் அப்படித்தான். ஆனால் தமிழில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தச் சாக்கு கிடையாது. நம்மிடம் ‘-க்குள்’ இருக்கிறது, ‘வரை’ இருக்கிறது. பிரிக்கத் தெரியாத குழந்தைகூட இல்லை. ‘சாயங்காலம் வரைக்கும் வீட்டுப்பாடம் முடி’ என்று எந்த அம்மாவும் சொல்ல மாட்டார்.

ஆகவே இந்த வழிகாட்டியின் முக்கால் பங்கு, உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததை ஆங்கிலத்துக்கு எடுத்துப் போவதுதான். மீதிக் கால் பங்கில், தமிழே நம்மைத் தவறான பக்கம் தள்ளிவிடும் சில இடங்கள் உண்டு. அங்கே மட்டும் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதல் படி: வாக்கியத்தைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்

எழுதும் முன் மனதுக்குள் தமிழில் ஒருமுறை சொல்லுங்கள். ‘-க்குள்’ வந்தால் ‘பை’. ‘வரை’ அல்லது ‘வரைக்கும்’ வந்தால் ‘அன்டில்’.

பத்து மணிக்குள் ஸ்டேஷனுக்குப் போய்விட வேண்டும்: ‘வி மஸ்ட் ரீச் தி ஸ்டேஷன் பை டென்.’ பத்து மணி வரை ஸ்டேஷனில் காத்திருந்தோம்: ‘வி வெயிட்டட் அட் தி ஸ்டேஷன் அன்டில் டென்.’ முதல் வாக்கியத்தில் பத்து மணி என்பது கெடு. அதற்குள் எப்போது போனாலும் சரி, எட்டரைக்கே போனாலும் சரி. இரண்டாவதில் காத்திருப்பது நீண்டுகொண்டே போய், பத்து மணிக்கு முடிகிறது.

அன்றாட வாக்கியங்களில் பெரும்பாலானவை இந்தச் சோதனையிலேயே தேறிவிடும்.

இரண்டாம் படி: வினையைப் பாருங்கள்

ஆங்கிலத்தில் சரளம் கூடக்கூட, தமிழில் சொல்லிப் பார்க்க நேரம் இருக்காது. அப்போது வினைச்சொல்தான் துணை. ஒரே வீச்சில் நடந்து முடிகிற செயலா, நீளக்கூடிய செயலா என்று பாருங்கள். முடிப்பது, அனுப்புவது, கட்டுவது, திருப்பிக் கொடுப்பது, வந்து சேருவது எல்லாம் நடந்து முடிகிறவை, ‘பை’ கேட்கும். காத்திருப்பது, தங்குவது, தூங்குவது, வேலை பார்ப்பது, கடை திறந்திருப்பது எல்லாம் நீளுபவை, ‘அன்டில்’ கேட்கும்.

சில வினைகள் இரண்டு பக்கமும் போகும், ஆனால் பொருள் மாறிவிடும். ‘ஐ வில் ரீட் தி புக் பை சண்டே’ என்றால் ஞாயிற்றுக்கிழமைக்குள் புத்தகத்தைப் படித்து முடித்துவிடுவேன். ‘ஐ வில் பி ரீடிங் தி புக் அன்டில் சண்டே’ என்றால் ஞாயிறு வரைக்கும் படித்துக்கொண்டிருப்பேன், அதுவரை கடன் கேட்காதீர்கள் என்று அர்த்தம்.

ஒரே தேதி, இரண்டு சொல்லும் சரி

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். பள்ளி அனுப்பும் சுற்றறிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கட்டணத்தை 31-ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும்’ என்றும் எழுதலாம், ‘31-ஆம் தேதி வரை கட்டலாம்’ என்றும் எழுதலாம். கட்டுவது ஒரே செயல்தானே, இரண்டாவதில் ‘வரை’ எப்படி வந்தது? அங்கே நீளுவது கட்டும் செயல் அல்ல, கட்டுவதற்கான அனுமதி. 31 வரைக்கும் ஜன்னல் திறந்திருக்கிறது. ஆங்கிலமும் அப்படியே நடக்கும்: ‘யூ மஸ்ட் பே பை தி தர்ட்டி ஃபர்ஸ்ட்’, ‘யூ கேன் பே அன்டில் தி தர்ட்டி ஃபர்ஸ்ட்’. ‘வேண்டும்’ என்றால் ‘பை’, ‘-லாம்’ என்றால் ‘அன்டில்’ என்று குத்துமதிப்பாக நினைவில் வைத்துக்கொள்ளலாம். பெரும்பாலும் கைவிடாது.

இரண்டு சொல்லையும் ஒரே பண்டத்தில் பார்க்க வேண்டுமானால் பால் பாக்கெட்டைப் பாருங்கள். ‘யூஸ் பை’ என்று ஒரு தேதி அச்சடித்திருக்கும்: இந்தத் தேதிக்குள் பயன்படுத்திவிடு. பிரிட்டனின் உணவுத் தர முகமை இதை விளக்கும்போது, ‘யூஸ் பை’ தேதி வரையிலும் அந்தத் தேதியிலும் உண்ணலாம், அதற்குப் பிறகு கூடாது என்கிறது. அந்த ‘வரையிலும்’ ஆங்கிலத்தில் ‘அன்டில்’தான். பாக்கெட்டில் இருப்பது கெடு, விளக்கத்தில் இருப்பது அனுமதி. பக்கத்திலேயே இருக்கும் ‘பெஸ்ட் பிஃபோர்’ வேறு சமாச்சாரம். அது தரத்தைப் பற்றியது, பாதுகாப்பைப் பற்றியது அல்ல. பிஸ்கட் பாக்கெட்டில் அந்தத் தேதி தாண்டினால் மொறுமொறுப்பு போயிருக்கும், அவ்வளவுதான்.

‘-க்குள்’ இரண்டாகப் பிரியும் இடம்

தமிழில் ‘வெள்ளிக்கிழமைக்குள்’ என்கிறோம், ‘மூன்று நாளுக்குள்’ என்றும் சொல்கிறோம். ஆங்கிலம் இந்த இரண்டையும் ஒன்றாகப் பார்க்காது. கிழமை, தேதி, மணி போல ஒரு புள்ளி என்றால் ‘பை’. நாள் கணக்கு, மணிக் கணக்கு போல ஓர் அளவு என்றால் ‘வித்தின்’. ‘பை த்ரீ டேஸ்’ என்று எழுதினால் தப்பு, ‘வித்தின் த்ரீ டேஸ்’ என்பதே சரி. ‘இன் த்ரீ டேஸ்’ என்றும் சொல்வார்கள், ஆனால் அது பெரும்பாலும் மூன்று நாள் கழித்து என்ற பொருளில் போய்விழும். வாடிக்கையாளரிடம் ‘வித்தின்’ சொல்வதும் ‘இன்’ சொல்வதும் ஒரே வாக்குறுதி அல்ல.

‘வரை’ ஊரையும் குறிக்கும், ‘அன்டில்’ குறிக்காது

‘மதுரை வரை போகிறேன்’ என்பதை ‘ஐ ஆம் கோயிங் டில் மதுரை’ என்று சொல்வது நம் ஊர் பஸ்ஸிலும் ரயிலிலும் சகஜம். நமக்குள் பேசும்போது யாரும் திருத்தப் போவதில்லை. வெளியே எழுதும்போது ‘ஆஸ் ஃபார் ஆஸ் மதுரை’ என்று மாற்றிக்கொள்ளுங்கள். ‘பத்துப் பேர் வரை உட்காரலாம்’ என்பதற்கும் ‘அன்டில்’ ஆகாது, ‘அப் டு டென் பீப்பிள்’. ‘அன்டில்’ காலத்தோடு மட்டுமே நிற்கும் சொல்.

‘வருவதற்குள்’, ‘வரும் வரை’

கடிகார நேரத்துக்குப் பதில் இன்னொரு செயலையே எல்லையாக வைக்கும்போதும் தமிழ் அழகாக வழி காட்டுகிறது. ‘-வதற்குள்’ வந்தால் ‘பை தி டைம்’. ‘-உம் வரை’ வந்தால் ‘அன்டில்’.

நாங்கள் போவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது: ‘பை தி டைம் வி காட் தேர், தி ட்ரெய்ன் ஹேட் லெஃப்ட்.’ நீ வரும் வரை இங்கேயே இருக்கிறேன்: ‘ஐ வில் ஸ்டே ஹியர் அன்டில் யூ கம்.’

இரண்டாவது வாக்கியத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. ‘வரும்’ என்பது நம் காதுக்கு எதிர்காலம். அதனால் கை தானாகவே ‘அன்டில் யூ வில் கம்’ என்று எழுதிவிடும். ஆங்கிலத்தில் ‘அன்டில்’, ‘பை தி டைம்’ இரண்டுக்கும் பின்னால் வரும் பகுதியில் எதிர்காலத்துக்கு ‘வில்’ போடுவதில்லை. நிகழ்காலமே போதும்: ‘அன்டில் யூ கம்’, ‘பை தி டைம் யூ கம்’. ‘வில்’ வாக்கியத்தின் மறுபாதியில் இருந்தால் போதும்.

‘வராத வரை’: தமிழ் காலை வாரும் இடம்

‘பணம் கட்டாத வரை இணைப்பு கிடைக்காது.’ தமிழில் குறையே இல்லாத வாக்கியம். இதை அப்படியே எடுத்துப்போய் ‘அன்டில் யூ டோன்ட் பே, யூ வில் நாட் கெட் தி கனெக்‌ஷன்’ என்று எழுதுகிறோம். இது இந்தியா முழுக்க உள்ள பழக்கம், இந்தி பேசுகிறவர்களும் இதே வழியில்தான் விழுகிறார்கள். ‘அன்டில்’லுக்குப் பின்னால் அந்த ‘டோன்ட்’ வேண்டாம். கட்டும் வரை என்று நினைத்து ‘அன்டில் யூ பே’ என்று எழுதுங்கள். கட்டாவிட்டால் என்ற நிபந்தனைதான் முக்கியம் என்றால் ‘அன்லெஸ் யூ பே’.

எதிர்மறையில் கவனம், இங்கேதான் பணம் போகும்

மற்றதெல்லாம் நடைப் பிழை. இது பொருளையே தலைகீழாக்கும் பிழை, அதனால் இதில் கொஞ்சம் கூடுதலாக நேரம் செலவிடலாம்.

நடந்து முடிகிற வினைக்கு ‘பை’ என்று இரண்டாம் படியில் பார்த்தோம். அந்த வினையோடு ‘இல்லை’ சேர்ந்தால், ‘இல்லாமை’ நீளத் தொடங்குகிறது. வருவது ஒரு நொடி வேலை; வராமல் இருப்பது மணிக்கணக்காக நீளும். அதனால் எதிர்மறையில் ‘அன்டில்’ தாராளமாக வரும்: ‘ஹி டிடின்ட் கம் அன்டில் ஃபைவ்.’

ஆனால் இந்த வாக்கியத்தை ஓர் ஆங்கிலேயர் எப்படிக் கேட்பார் தெரியுமா? அஞ்சு மணிக்குத்தான் வந்தார் என்று. அதாவது, வந்துவிட்டார். தாமதமாக, ஆனால் வந்துவிட்டார். நாம் சொல்லும் ‘அஞ்சு மணி வரை அவர் வரவில்லை’ என்ற வாக்கியத்தில் அந்த உத்தரவாதம் கிடையாது. அவர் பிறகு வந்திருக்கலாம், வராமலேயும் போயிருக்கலாம். அந்தத் திறந்த பொருள் ஆங்கிலத்தில் வேண்டுமென்றால் ‘பை’க்கு மாற வேண்டும்: ‘ஹி ஹேடின்ட் கம் பை ஃபைவ்.’ அஞ்சு மணி ஆகியும் வரவில்லை, அப்புறம் என்ன ஆயிற்று என்று இந்த வாக்கியம் சொல்லாது.

‘வரை’ என்றால் ‘அன்டில்’ என்ற நம் முதல் விதி முழுசாக உடையும் இடம் இதுதான். கூரியர் நிறுவனத்துக்குப் புகார் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நேற்று மாலை வரை பார்சல் வரவில்லை. அதை ‘தி பார்சல் டிடின்ட் அரைவ் அன்டில் யெஸ்டர்டே ஈவினிங்’ என்று எழுதினால், நேற்று மாலை பார்சல் கிடைத்துவிட்டது என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. புகாரை முடித்துவைக்க வேறென்ன வேண்டும்? ‘தி பார்சல் ஹேடின்ட் அரைவ்டு பை யெஸ்டர்டே ஈவினிங்’ என்று எழுதுங்கள். இன்னும் வரவில்லை என்றால் அதையே நேராகச் சொல்வது எல்லாவற்றிலும் நல்லது: ‘தி பார்சல் ஸ்டில் ஹேஸின்ட் அரைவ்டு.’

‘இதுவரை’யிலும் இதே ஆபத்துதான். ‘இதுவரை பணம் திரும்ப வரவில்லை’ என்பதை ‘அன்டில் நௌ’ என்று தொடங்கினால், இதுவரை வரவில்லை, இப்போது வந்துவிட்டது என்ற வாசனை அடிக்கும். ‘ஐ ஹேவின்ட் ரிசீவ்டு தி ரீஃபண்ட் யெட்’ என்பதே இயல்பு. ‘யெட்’டுக்குப் பதில் ‘சோ ஃபார்’ போட்டாலும் சரிதான். ‘டில் டேட்’ என்று நம் அலுவலகங்களில் புழங்குவதற்கு வெளிநாட்டு ஆங்கிலத்தில் ‘டு டேட்’ என்பார்கள்.

அந்த நாள் சேருமா, சேராதா?

‘பை ஃப்ரைடே’ என்றால் வெள்ளிக்கிழமையும் கணக்கில் சேரும். ‘பிஃபோர் ஃப்ரைடே’ என்றால் சேராது, வியாழனோடு முடிந்தது. இது தெளிவு. ‘அன்டில்’தான் வம்பு. ‘ஐ ஆம் ஆன் லீவ் அன்டில் மண்டே’ என்று மெயிலில் தானியங்கிப் பதில் வைத்துவிட்டுப் போகிறோம். திங்களன்று அவர் வேலைக்கு வருவாரா, அன்றும் விடுப்பா? ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்வார்கள். விடுப்பைச் சொல்வதை விட்டுவிட்டுத் திரும்பும் நாளைச் சொல்லுங்கள்: ‘ஐ வில் பி பேக் ஆன் டியூஸ்டே.’ ஒப்பந்தம் போன்ற காகிதங்களில் ‘அப் டு அண்ட் இன்க்ளூடிங்’ என்று நீட்டி எழுதுவது வழவழவென்று தோன்றினாலும் காரணமாகத்தான். அமெரிக்கர்களிடம் இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு: ‘மண்டே த்ரூ ஃப்ரைடே’ என்றால் வெள்ளியும் சேர்ந்தது. பிரிட்டனில் அந்தப் பிரயோகம் அவ்வளவாகப் புழங்காது.

அமெரிக்கா போகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு விஷயம். நாட்டுக்குள் நுழைந்ததும் கிடைக்கும் ஐ-94 பதிவில் பெரும்பாலும் ‘அட்மிட் அன்டில் டேட்’ என்று ஒரு தேதி இருக்கும். எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சொல்வது அந்தத் தேதி. பாஸ்போர்ட்டில் ஒட்டிய விசாவின் காலாவதித் தேதி வேறு. அது எந்தத் தேதி வரை அந்த விசாவைக் காட்டி நுழைவு கேட்கலாம் என்பதைக் குறிக்கும். பத்து வருட விசா கையில் இருக்கிறதே என்று இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. அந்த ‘அன்டில்’, தங்க விரும்புகிறவருக்கு அனுமதி, கிளம்ப வேண்டியவருக்கு ‘பை’. பால் பாக்கெட்டுக் கணக்குதான்.

மணி சொல்லும்போது இன்னொரு பழக்கம்: ‘ஐ வில் கம் பை ஃபைவ்’ என்று சொல்லிவிட்டு, அஞ்சு மணி வாக்கில் வருவது. ‘வாக்கில்’ என்பதற்கு ‘அரௌண்ட் ஃபைவ்’ இருக்கிறது. ‘பை ஃபைவ்’ என்றால் அஞ்சுக்கு ஒரு நிமிஷம்கூடப் பிந்தாமல். அதே போல வெளிநாட்டு அணிக்கு ‘பை ஃபைவ் பி.எம்.’ என்று எழுதும்போது எந்த ஊர் மணி என்றும் சேர்த்து எழுதுங்கள். குளிர்காலத்தில் லண்டனில் மாலை 5 என்றால் சென்னையில் இரவு 10.30.

‘டில்’ கொச்சையா?

இல்லை. ‘அன்டில்’லைச் சுருக்கினால் ‘டில்’ என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் ‘டில்’தான் மூத்தது, ‘அன்டில்’ பிறகு வந்தது. அதனால் ‘டில்’லுக்கு முன்னால் ‘அபாஸ்ட்ரஃபி’ குறி போட்டு ஏதோ எழுத்து விழுந்துவிட்ட மாதிரிக் காட்ட வேண்டிய தேவை இல்லை. பொருளில் இரண்டுக்கும் வேறுபாடு கிடையாது. வாக்கியத்தின் தொடக்கத்திலும் முறைசார்ந்த கடிதத்திலும் ‘அன்டில்’ கொஞ்சம் நன்றாக உட்காரும், பேச்சில் ‘டில்’ லேசாக வரும். இன்னொன்று, ‘அன்டில்’லுக்கு ஆங்கில எழுத்தில் கடைசியில் ஒரே ‘எல்’, ‘டில்’லுக்கு இரண்டு. மாற்றிப் போடாதவர்கள் குறைவு.

கையோடு பழகிப் பாருங்கள்

விடையைப் படிக்கும் முன் நீங்களே ஒருமுறை சொல்லிப் பாருங்கள்.

நாளை காலை பத்து மணிக்குள் பதில் அனுப்புங்கள்: ‘ப்ளீஸ் ரிப்ளை பை டென் டுமாரோ மார்னிங்.’

இந்த டிக்கெட் நள்ளிரவு வரை செல்லும்: ‘திஸ் டிக்கெட் இஸ் வேலிட் அன்டில் மிட்நைட்.’

அம்மா வரும் வரை கதவைத் திறக்காதே: ‘டோன்ட் ஓபன் தி டோர் அன்டில் யுவர் மதர் கம்ஸ்.’ திறப்பது நொடி வேலைதான், திறக்காமல் இருப்பது நீளுகிறது. ‘வில் கம்’ இல்லை என்பதையும் கவனியுங்கள்.

நான் குளித்துவிட்டு வருவதற்குள் காபி ஆறிவிட்டது: ‘பை தி டைம் ஐ ஃபினிஷ்டு மை பாத், தி காஃபி ஹேட் கான் கோல்ட்.’

இரண்டு வாரத்துக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும், அதுவரை வாடகை உண்டு: ‘யூ மஸ்ட் வெகேட் தி ஹவுஸ் வித்தின் டூ வீக்ஸ்; அன்டில் தென், யூ ஹேவ் டு பே ரென்ட்.’ அதுவரை என்றால் ‘அன்டில் தென்’, அதற்குள் என்றால் ‘பை தென்’.

கடைசியாக ஒன்று: காலை ஏழு மணி வரை பால்காரர் வரவில்லை. இதற்கு விடை எழுதும் முன் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும், ஏழு மணிக்கு வந்தாரா? வந்தார் என்றால், ‘தி மில்க்மேன் டிடின்ட் கம் அன்டில் செவன்.’ அப்புறம் வந்தாரோ என்னவோ என்றால், ‘தி மில்க்மேன் ஹேடின்ட் கம் பை செவன்.’